முன்னாடி ரெண்டா, மொத்தம் நாலா?

அக்டோபர் பொறந்தா போதும், இங்க மினசோட்டாவில் நம்ம மக்கள்கிட்ட ஒரே கேள்விதான். "மச்சி, செகண்ட் ஹேண்ட் வண்டி ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஃப்ரண்ட் வீல் டிரைவ் கேம்ரி எடுக்கவா, ஆல் வீல் டிரைவ் லெகசி எடுக்கவா?" கேக்கிறவன் போன மாசம்தான் ஊர்ல இருந்து பொண்டாட்டி, கைக்குழந்தையோட வந்து இறங்கியிருப்பான். கையில இருக்கிறது கொஞ்சம் டாலர். பனியைப் பார்த்ததே சினிமாவில்தான். சுத்தி இருக்கிற சீனியர்கள் எல்லாரும் ஒரே குரலில் "பனியில நாலு சக்கரமும் இழுக்கணும்டா, இல்லேன்னா காலி" என்று பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அதே விலைக்கு நாலு சக்கர வண்டி கூடுதல் மைல் ஓடியதாக இருக்கும், சர்வீஸ் ரசீது ஒண்ணும் இருக்காது. ஆனாலும் பயம் ஜெயிச்சிடும்.

அடியேன் படிச்சது மெக்கானிக்கல், தட்டுறது பொட்டி. அந்த டிகிரிக்கு எப்பவாவது ஒரு மரியாதை செய்யணும் இல்லையா? அதனால இந்த ரெண்டு ஏற்பாடும் எங்கிருந்து வந்தது, யாரோட தேவைக்காக வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கிட்டு வாங்க.

ரொம்ப வருஷம் காருக்கு ஒரே ஒரு அமைப்புதான். இன்ஜின் முன்னாடி, நடுவில் ஒரு நீளத் தண்டு, இழுவை பின் சக்கரத்துக்கு. நம்ம அம்பாசிடர் மாதிரி. முன் சக்கரத்துக்கே சக்தியைக் கொடுத்துட்டா தண்டே வேண்டாமேன்னு யாருக்கும் தோணலையா? தோணிச்சு. ஆனா ஒரு இடத்தில் மாட்டிக்கிச்சு. முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பணும், திரும்பிக்கிட்டே சுத்தவும் வேணும். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட்டை வளைச்சு வச்சு சுத்தினா ஒரே சீராகச் சுத்தாது. ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும். வளைவு கூடக் கூட ஸ்டியரிங்கில் உதறல் அதிகமாகும்.

இதுக்குத் தீர்வு 1920களின் நடுவில் கிடைத்தது. பிரான்சில் ழான் ஆல்பர் கிரெகுவார், பியர் ஃபெனாய் இரண்டு பேரும் டிராக்டா ஜாயிண்ட்டைச் செய்தார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ர்ஸெப்பா என்கிற இன்ஜினியர் ஆறு இரும்புக் குண்டுகளை வைத்து இன்னொன்றைச் செய்தார். (பேரை எப்படி உச்சரிக்கிறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க.) இன்னைக்கு நாம சிவி ஜாயிண்ட் என்று சொல்வது பெரும்பாலும் இந்த ர்ஸெப்பா வம்சம்தான். பழைய ஃப்ரண்ட் வீல் வண்டியைப் பார்க்கப் போனால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு மெதுவா வட்டமடிங்க. 'டக் டக் டக்'னு சத்தம் வந்தா அந்தக் குண்டு ஓடுற பள்ளம் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். மேல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சு, கிரீஸ் வெளியே போய், மண் உள்ளே போனதன் பலன்.

1934ல் சிட்ரோயன் கம்பெனி டிராக்‌ஷன் அவான் என்ற செடானைக் கொண்டு வந்தது. முன் சக்கர இழுவையைப் பெரிய எண்ணிக்கையில் விற்ற முதல் வண்டிகளில் ஒன்று. நடுவில் தண்டு இல்லாததால் தரை தாழ்வு, வண்டியும் தாழ்வு, ரோட்டை நல்லாப் பிடிச்சது. ஆனா அதை உருவாக்கின செலவில் கம்பெனி திவாலாகி மிஷெலின் டயர் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. ஆந்த்ரே சிட்ரோயன் 1935ல் காலமானார். வண்டி மட்டும் 1957 வரைக்கும் தயாரிப்பில் இருந்தது.

அடுத்த கட்டத்துக்குக் காரணம் சூயஸ் கால்வாய். 1956ல் நாசர் கால்வாயைத் தேசியமயமாக்க, சண்டை வர, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். பிஎம்சி கம்பெனியின் தலைவர் லியோனார்ட் லார்ட், அலெக் இஸிகோனிஸைக் கூப்பிட்டு சின்ன வண்டி ஒண்ணு வேணும்னு சொல்றார். இஸிகோனிஸ் செய்தது 10 அடி நீளத்தில் ஒரு வண்டி. அந்த நீளத்தில் 80 சதவீதம் ஆளுக்கும் சாமானுக்கும். எப்படி? இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே சொருகினார். இழுவை முன் சக்கரத்துக்கு. 1959ல் வந்த மினி அது.

இன்ஜினும் கியரும் ஒரே ஆயிலைக் குடிக்கிறது நல்ல ஏற்பாடு இல்லை. அதைச் சரி செய்தவர் பியட்டின் தாந்தே ஜியாகோசா. கியர்பாக்ஸை இன்ஜினின் நுனியில் வரிசையாக வைத்து, இரண்டு பக்கத் தண்டையும் வேற வேற நீளத்தில் கொடுத்தார். 1964ல் ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற வண்டியில் சோதனை மாதிரி செய்து பார்த்துவிட்டு, 1969ல் பியட் 128ல் முழுசா இறக்கினார்கள். இன்னைக்கு ரோட்டில் போகிற கேம்ரி, அக்கார்ட், நம்ம ஊர் ஸ்விஃப்ட் எல்லாம் இந்த அமைப்புதான். இதே ஜியாகோசா வடிவமைத்த பியட் 1100 தான் பின்னாடி நம்ம பிரீமியர் பத்மினி ஆச்சு. அது பின் சக்கர வண்டி!

கவனிங்க மக்களே, இதுவரைக்கும் யாருமே பனியைப் பத்திப் பேசவில்லை. இடம், பெட்ரோல், செலவு, அவ்வளவுதான். ஆனா இன்ஜினும் கியரும் முன் சக்கரத்து மேலேயே உக்காந்ததால் வண்டி எடையில் 60 சதவீதம் போல முன்னாடி வந்துடுச்சு. எடை எங்க அழுத்துதோ அந்தச் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு. சும்மா கிடைச்ச போனஸ். ஸ்வீடனின் சாப் கம்பெனி 1949லேயே முன் சக்கர வண்டி தயாரிக்க ஆரம்பிச்சிருந்தது. பனி மலைப்பாதையில் நடக்கும் மான்டே கார்லோ ராலியை 1962லும் 1963லும் எரிக் கார்ல்சன் சாப் 96ல் ஜெயித்தார். 1964, 1965, 1967ல் ஜெயித்தது மினி. இன்னைக்கு நம்ம சீனியர்கள் "பனிக்கு லாயக்கில்ல" என்று சொல்லும் அதே முன் சக்கர இழுவை!

அமெரிக்காவுக்கு இது வந்தது சட்டத்தின் வழியாக. 1973 எண்ணெய் நெருக்கடி, அதைத் தொடர்ந்து 1975ல் ஒரு சட்டம். ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் கேலனுக்கு 27.5 மைல் ஆகணும். படகு மாதிரி வண்டி செய்துகொண்டிருந்த டெட்ராய்ட்டுக்கு வேற வழியில்லை. 1979ல் ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே சைட்டேஷனையும் அதன் உடன்பிறப்புகளையும் இறக்கியது. முதல் மாடல் வருஷத்திலேயே சைட்டேஷன் 8 லட்சத்துக்கு மேல். அப்புறம் பின் பிரேக் பூட்டிக்கொள்ளும் புகாரில் அரசாங்கமே 1983ல் வழக்குப் போட்டது, ஜெனரல் மோட்டார்ஸ் அதில் ஜெயித்தது, ஆனா வண்டியின் பேர் போனது போனதுதான். டொயோட்டா கேம்ரி 1982ல் முன் சக்கரத்துக்கு மாறியது. 1983ல் நம்ம மாருதி 800. அதோட ஆட்டம் முடிஞ்சது. சாதாரண செடான் என்றால் முன் சக்கரம் என்று ஆகிவிட்டது.

இப்ப நாலு சக்கரத்துக்கு வருவோம். இதில் எனக்குப் பிடித்த ஆள் ஹாரி ஃபெர்குசன். ஆமாங்க, நம்ம சென்னை டாஃபே கம்பெனி செய்கிற மாஸி ஃபெர்குசன் டிராக்டரில் இருக்கிற அதே ஃபெர்குசன். டிராக்டர் தொழிலை விட்ட பிறகு, கடைசிக் காலம் முழுக்க அவர் தலையில் ஓடினது ரோட்டுக் கார் எப்படி வழுக்காமல் போகும் என்பதுதான்.

ஜீப்பில் நாலு சக்கர இழுவை எப்பவோ இருந்தது. ஆனா காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கிட்டு ஓட்ட முடியாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட நீளமான பாதையில் போகும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் டயர் தேயும், வண்டி துள்ளும். நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் வேணும், ஒரு பக்கம் வழுக்கினால் அது தன்னைத்தானே கட்டுப்படுத்தவும் வேணும். ஃபெர்குசன் கம்பெனி அதைச் செய்தது. அவர் 1960ல் இறந்த பிறகு, 1961ல் அவர்களின் பி99 ரேஸ் காரை ஓட்டி ஸ்டர்லிங் மாஸ் ஔல்டன் பார்க்கில் ஜெயித்தார். 1966ல் அந்த அமைப்போடு ஜென்சன் எஃப்எஃப் என்ற கார் வந்தது. மொத்தமே 320 வண்டிதான்.

அந்த ஜென்சனில் இன்னொரு சமாசாரமும் இருந்தது. விமானச் சக்கரத்துக்காக டன்லப் செய்த மாக்ஸரெட் என்ற பிரேக் பூட்டாமல் காக்கும் கருவி. நாலு சக்கர இழுவையைச் சொகுசு காருக்குக் கொண்டு வந்தவர்களே அதை மட்டும் நம்பவில்லை, நிறுத்துறதுக்குத் தனியா ஒரு கருவி வைத்தார்கள். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஜப்பான் கதை வேற மாதிரி. வடகிழக்குப் பகுதியான தோஹோகுவின் மின்சார கம்பெனிக்கு, குளிர்காலத்தில் பனி மலையில் மின்கம்பி பார்க்கப் போக வண்டி வேணும். ஜீப் போகும், ஆனா குளிரும், முதுகும் போயிடும். முன் சக்கர இழுவையில் இருந்த ஒரு சுபாரு வேனுக்குப் பின்னாடி ஒரு ஆக்ஸிலைச் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள். 1971 டோக்கியோ மோட்டார் ஷோவில் அது வந்தது, 1972ல் லியோன் எஸ்டேட்டில் தொழிற்சாலைத் தயாரிப்பாகவே வந்தது. சாதாரணமாக முன் சக்கரம் மட்டும், தேவைப்பட்டால் லீவரை இழுத்து நாலு. லைன்மேன்களுக்காகப் பிறந்த வண்டி என்று நினைக்கிறப்போ எனக்கு சுபாரு மேல ஒரு தனி மரியாதை வரும்.

அமெரிக்காவில் ஏஎம்சி என்ற நொடிந்துகொண்டிருந்த கம்பெனி, ஃபெர்குசன் வழி வந்த விஸ்கஸ் கப்ளிங்கை வாங்கிப் போட்டு 1980 மாடலாக ஈகிளை இறக்கியது. செடானும் உண்டு, விஸ்கான்சினில் செய்தது. லீவர் எதையும் தொடாமல் எப்பவும் நாலு சக்கரம். காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை. 1987ல் கிரைஸ்லர் ஏஎம்சியை வாங்கியது, அந்த வருஷ முடிவோட ஈகிளும் போச்சு.

ஆனா உலகம் முழுக்க இந்த ஆசையை விதைத்தது ஆவ்டிதான். 1977 குளிர்காலத்தில் பின்லாந்தில் சோதனை ஓட்டம். ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்கிற ராணுவ வண்டி, வெறும் 75 குதிரைசக்தி, அதைவிடப் பலமான முன் சக்கர ஆவ்டிகளைப் பனியில் பின்னுக்குத் தள்ளியது. அதைப் பார்த்த இன்ஜினியர் யோர்க் பென்சிங்கர், இதைக் காரில் வைத்தால் என்ன என்று ஃபெர்டினாண்ட் பியெக்கிடம் போனார். முதல் மாதிரி வண்டியில் நடு டிஃபரென்ஷியல் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பெரிய தலை எர்ன்ஸ்ட் ஃபியாலாவின் மனைவி அதை வியன்னாவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பார்க் பண்ணும்போது வண்டி துள்ளுது என்று சொன்னாராம். வந்தது நடு டிஃபரென்ஷியல். 1980 ஜெனீவா ஷோவில் குவாட்ரோ வெளியானது. 1982ல் ஆவ்டி 80 செடானிலும் அது கிடைத்தது. ராலியில் 1982லும் 1984லும் கம்பெனிப் பட்டம். நடுவில் 1983ல் மட்டும் பின் சக்கர லான்சியா 037 தட்டிப் பறித்தது. ரெண்டு சக்கர இழுவை அந்தப் பட்டத்தை வாங்கியது அதுதான் கடைசி.

1986ல் ஒரு விளம்பரம். பின்லாந்தில் கைபோலா என்ற ஊரில், பனிச்சறுக்கு வீரர்கள் பறக்கும் சாய்தளத்தில் ஆவ்டி 100 குவாட்ரோ கீழிருந்து மேல் வரை ஏறுது. விமானமோ கயிறோ இழுக்கிற மாதிரி தெரியாது, அலுங்காமல் ஏறுது. செடான்! இன்னைக்கும் இணையத்தில் தேடிப் பாருங்க, புல்லரிக்கும். இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் குவாட்ரோ என்ற பேரை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அந்த வண்டியின் டயரில் இரும்பு ஆணி பதிச்சிருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

என்னைக் கேட்டா, நம்ம அக்டோபர் குழப்பம் பொறந்தது அங்கதான்.

இழுவை என்பது கிளம்புறதுக்கு, ஏறுறதுக்கு. பனியில் நின்ற வண்டியை எடுக்கும்போதும் ஏற்றத்திலும் எடை பின்னால் சாயும், முன் சக்கரம் லேசாகும், சுத்தும். அங்கே நாலு சக்கரம் கண்டிப்பா ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனா பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கு. நிறுத்துறதும் திரும்புறதும் ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நடக்கிற விஷயம். எத்தனை சக்கரம் இழுக்குது என்று பிளாக் ஐஸுக்குத் தெரியாது. சொல்லப்போனா முன் சக்கர வண்டி கிளம்பும்போதே கொஞ்சம் வழுக்கி 'தம்பி, ரோடு சரியில்ல' என்று சொல்லிவிடும். நாலு சக்கர வண்டி அந்தச் சேதியை மறைச்சிடும். 60 மைல் வேகத்தில் எக்ஸிட் வளைவு வரும்போதுதான் தெரியும். இங்க முதல் பனி விழுந்த காலையில் ஹைவே ஓரப் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளைப் பாருங்க, பெரிய பெரிய நாலு சக்கர வண்டிகள் எத்தனை இருக்குன்னு.

சிட்ரோயன் முன் சக்கர இழுவையைக் கொண்டு வந்த அதே 1934ல், பின்லாந்தில் நோக்கியா என்ற ஊரில் இருந்த ரப்பர் கம்பெனி லாரிகளுக்குக் குளிர்கால டயர் செய்தது. 1936ல் கார்களுக்கு ஹக்கபெலீட்டா. (அந்த ரப்பர் கம்பெனி 1967ல் இணைந்து உருவானதுதான் நம்ம 1100 செல்போன் நோக்கியா.) குளிர்கால டயரின் ரப்பர் குளிரில் கல்லாகாமல் மெத்துன்னே இருக்கும். சாதாரண கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுக ஆரம்பிச்சிடும். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008ல் இருந்து குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்கு. வண்டியில் எத்தனை சக்கரம் இழுக்குதுன்னு அந்தச் சட்டம் கேக்கவே இல்லை.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. 1995ல் மெர்சிடிஸில் வந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வண்டி சறுக்க ஆரம்பிச்சா எந்தச் சக்கரத்துக்கு பிரேக் போடணுமோ அதுக்கு மட்டும் போடும். அமெரிக்காவில் 2012 மாடலில் இருந்து எல்லா காருக்கும் அது கட்டாயம். ஜென்சன் எஃப்எஃப் எதுக்காக மாக்ஸரெட்டை மாட்டியதோ, அதன் பேரப்பிள்ளை இன்னைக்கு ஒரு ஓட்டை கேம்ரியிலும் இருக்கு. சுத்துற முன் சக்கரத்தை மட்டும் பிடிச்சு, சக்தியை அடுத்த சக்கரத்துக்குத் தள்ளிவிடும் வேலையையும் அதே ஏற்பாடுதான் செய்யுது.

1980களின் கடைசியில் ஆளாளுக்கு நாலு சக்கர செடான் விட்டார்கள். ஃபோர்ட் டெம்போ, போன்டியாக் 6000, கேம்ரி ஆல்-டிராக். எல்லாம் சீக்கிரமே போச்சு, கேம்ரியில் 1991 தான் கடைசி. எடையும் விலையும் கூட, மைலேஜ் கம்மி. பனிக்குப் பயந்தவர்கள் கொஞ்ச நாளில் எஸ்யூவி பக்கம் போயிட்டாங்க. சுபாரு மட்டும், நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, 1990களின் நடுவில் அமெரிக்காவில் இனி எல்லா வண்டியும் ஆல் வீல்தான் என்று துணிந்து இறங்கியது. பிழைத்தது. நம்ம ஆளு கேக்கிற லெகசி அந்த முடிவின் பிள்ளை. (2025 மாடலோட அதையும் நிறுத்திட்டாங்க.)

சரி, வாங்கப் போற கதைக்கு வருவோம். நாலு சக்கர வண்டியில் நாலு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்கணும். ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா அதன் சுற்றளவு வேற, நடுவில் இருக்கிற கப்ளிங் எந்நேரமும் வேலை செஞ்சு சூடாகி சாகும். சுபாருக்காரர்கள் 2/32 அங்குல வித்தியாசத்துக்கு மேல் கூடாது என்பார்கள். ஒரு டயரில் ஆணி ஏறி ஒட்ட முடியாமல் போனால் சில சமயம் நாலும் மாத்தணும். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் குனிஞ்சு நாலு டயரின் பேரையும் படிங்க. நாலு பேர் நாலு கம்பெனி என்றால், அந்த ஓனர் உள்ளே இருக்கிற சாமானை எப்படி வச்சிருப்பார்னு யூகிச்சுக்கலாம். பின் டிஃபரென்ஷியல் ஆயில் எப்ப மாத்தினதுன்னு கேளுங்க. பதில் பெரும்பாலும் "அப்படின்னா?"தான்.

வீடு மேட்டுத்தெருவிலா, பனி வாரி வராத கிராமத்து ரோட்டில் விடியக்காலை வேலைக்குப் போகணுமா, நாலு சக்கரம் வாங்குங்க, கூடவே குளிர்கால டயரும். மினியாபோலிஸ் மாதிரி தட்டையான ஊரில், அபார்ட்மெண்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் காலை 6 மணிக்கே பனி வாரிவிடும் ரோட்டில் ஓட்டுறவன், மைல் கம்மியா ஓடின 2012க்குப் பிந்தைய கேம்ரியை எடுத்து, மிச்சக் காசில் ஒரு செட் குளிர்கால டயரைத் தனி ரிம்மோட வாங்கட்டும். ஆயிரம் டாலர் பக்கம் ஆகும். கோடை டயர் அந்த அஞ்சு மாசம் தேயாமல் ஓய்வெடுக்கும். காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு என்றால் என் ஓட்டு டயருக்கு. சுபாரு ரசிகர்கள் பின்னூட்டத்தில் கும்மலாம், தயாரா இருக்கேன் :-)

கேம்ரியில் ஆல் வீல் 2020 மாடலில் திரும்ப வந்தது, கிட்டத்தட்ட 29 வருஷம் கழிச்சு. மைலேஜில் கேலனுக்கு 3 மைல் போலக் குறையும். 2025 மாடலில் அதையும் மாத்திட்டாங்க. எல்லாமே ஹைப்ரிட். நாலு சக்கர வண்டியில் பின்பக்கத்துக்குப் போற தண்டே இல்லை, அங்கே தனியா ஒரு மின்மோட்டார். ஃபெர்குசன் மண்டையை உடைச்சுக்கிட்ட நடு டிஃபரென்ஷியலும் கிடையாது. அது நம்ம ஆளோட பட்ஜெட்டுக்குள்ள இறங்கி வர இன்னும் நாலஞ்சு குளிர்காலம் ஆகும். அப்ப அதுக்குத் தனிப் பதிவு.